கடற்கரைப் பங்கில் சாரணர் குழு: எங்கிருந்து தொடங்குவது?

பாம்பன் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்கு ஒன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எங்கள் இளைஞர் குழுவில் நாற்பது பேர் இருக்கிறோம். கிறிஸ்துமஸ் குடில், திருவிழாத் தோரணம், கிரிக்கெட் போட்டி, இதோடு வருஷம் முடிந்துவிடுகிறது. சமூக சேவையும் சாரணர் பயிற்சியும் சேர்ந்த மாதிரி ஒன்றைச் சின்னப் பிள்ளைகளுக்காகத் தொடங்க ஆசை. ஃபாதரும் சரி என்கிறார். யாரிடம் பதிவு செய்வது? செலவு எவ்வளவு ஆகும்? பொம்பளப் பிள்ளைகளைச் சேர்க்கலாமா? பக்கத்துத் தெரு இந்து, முஸ்லிம் பிள்ளைகளும் வரலாமா?"

நான் இந்தக் கடற்கரையில் ஒரு பள்ளியில் இருபது வருஷத்துக்கு மேல் சாரண ஆசிரியராக இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகு ஊர்க் கோயில் பிள்ளைகளோடு இதே வேலையைச் செய்து வருகிறேன். தம்பி கேட்ட வரிசையில் போகாமல், எது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீணாகுமோ அதிலிருந்து தொடங்குகிறேன்.

அது அணி. ஆறிலிருந்து எட்டுப் பிள்ளைகள், அவர்களுக்குள்ளேயே ஒரு அணித் தலைவர், ஒரு துணைத் தலைவர். சாரணர் இயக்கத்தின் உயிர் இந்தச் சின்னக் கூட்டத்தில்தான் இருக்கிறது. சீருடை, விசில், அணிவகுப்பு, கொடியேற்றம் எல்லாம் இதற்குப் பின்னால் வருகிறவை. இதை நான் தப்பாகச் செய்துதான் கற்றுக்கொண்டேன். முதல் தடவை கோயிலில் தொடங்கியபோது ஒரு நல்ல மனிதர் 32 பிள்ளைகளுக்கும் சீருடை தைத்துக் கொடுத்தார். ஆகஸ்ட் 15 அன்று பிள்ளைகள் கோயில் முற்றத்தில் அணிவகுத்து வந்தபோது ஊரே கைதட்டியது. டிசம்பரில் வந்தவர்கள் ஒன்பது பேர். என்ன செய்வது, எப்போது செய்வது, யார் எங்கே நிற்பது என்று எல்லாவற்றையும் நானே முடிவு செய்தேன். பிள்ளைகளுக்கு அங்கே வேலையே இல்லை. சொன்னபடி நிற்பதற்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, மறைக்கல்வி வகுப்பு இருக்கிறது. மூன்றாவதாக ஒரு இடம் அவர்களுக்கு எதற்கு?

பேடன் பவல் 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தில் பிரௌன்சீ என்ற தீவில் முதல் சோதனை முகாம் நடத்தினார். இருபது சொச்சம் பையன்கள், நாலு அணி. அந்த முகாமில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வசதியான வீட்டுப் பள்ளிப் பிள்ளைகளையும், பாய்ஸ் பிரிகேட் என்ற அமைப்பிலிருந்து வந்த உழைக்கும் வீட்டுப் பிள்ளைகளையும் அவர் ஒரே அணிக்குள் கலந்து போட்டார். அந்த பாய்ஸ் பிரிகேட் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1883-ல் கிளாஸ்கோ நகரத்தில் வில்லியம் அலெக்சாண்டர் ஸ்மித் என்ற ஞாயிறு பள்ளி ஆசிரியர் தொடங்கியது. வகுப்பில் அடங்காமல் திரிந்த வளரிளம் பையன்களைக் கோயிலோடு வைத்திருக்க வழி தேடியவர் அவர். உங்கள் ஊர் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பதின்மூன்று வயதுக்கு மேல் எத்தனை பையன்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஸ்மித்துக்கு இருந்த கவலைதான் நமக்கும். ஆகவே கோயிலும் சாரணர் பயிற்சியும் சேர்வது புதுசு இல்லை. வேரிலேயே அந்த உறவு இருக்கிறது.

நம் பங்குகளிலும் இதற்கான பழக்கம் ஏற்கெனவே உண்டு. வின்சென்ட் தே பால் சபையை 1833-ல் பாரிசில் தொடங்கியபோது பிரெடரிக் ஓசானாமுக்கு வயது இருபது, கல்லூரி மாணவர். ஏழை வீடுகளுக்கு நேரில் போவதுதான் அவர்கள் முதல் வேலை. இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கத்தில் இருந்தவர்களுக்குப் 'பார், சிந்தி, செயல்படு' என்ற வரிசை மனப்பாடம். அது பெல்ஜியத்தில் தொழிலாளர் வீட்டு இளைஞர்களுக்காக உழைத்த கார்டைன் என்ற குரு கொடுத்தது. சி.எஸ்.ஐ. சபைகளில் கிறிஸ்தவ முயற்சி சங்கம் இருக்கிறது. இவற்றை ஓரம் தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்றைக் கொண்டுவர வேண்டியதில்லை. இந்தச் சபைகளில் இருக்கிற பெரியவர்கள் எந்த வீட்டில் என்ன கஷ்டம் என்று அறிந்தவர்கள்; பிள்ளைகளிடம் கால் வலிக்காத வேகம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

சரி, பயிற்சி என்று என்ன கொடுப்பது? இங்கே ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். இரண்டாவது தடவை தொடங்கியபோது, சீருடை எதுவும் இல்லை. கோயில் பின்பக்கம் வேப்பமரத்தடியில் கரும்பலகையைச் சாய்த்து வைத்து முடிச்சுகளை வரைந்துகொண்டிருந்தேன். ரீஃப், கிளவ் ஹிட்ச், ஷீட் பெண்ட். ஷீட் பெண்டுக்குப் படம் போட்டு, எந்தக் கயிறு எதன் கீழே போகிறது என்று அம்புக்குறி வரையும்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "சார், இது வலைக்கண்ணு போடுற முடிச்சுல்ல?" எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு அப்பாவோடு வல்லத்தில் போய்க்கொண்டிருந்த பையன். வேடிக்கை பார்க்கத்தான் வந்து நின்றான். "வா, போட்டுக் காட்டு" என்றேன். வீட்டுக்கு ஓடிப்போய் வலை ஊசியும் நைலான் நூலும் எடுத்து வந்தான். நூலை இடது கைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்து, ஊசியைக் கண்ணுக்குள் விட்டு, பின்பக்கம் சுற்றி, சுண்டி இறுக்கினான். நான் என் படத்தைத் திரும்பிப் பார்ப்பதற்குள் நாலு கண் பின்னியாயிற்று. உலகம் முழுக்கச் சாரணர் பாடத்தில் இருக்கிற ஷீட் பெண்டும், மீன்வலையின் ஒவ்வொரு கண்ணிலும் இருக்கிற முடிச்சும் ஒன்றேதான். அன்று கரும்பலகையைத் துடைத்துவிட்டு அவனைப் பாடம் நடத்தச் சொன்னேன். இரண்டு வாரத்தில் அவன் ஓர் அணிக்குத் தலைவன்.

இந்தக் கடற்கரைப் பிள்ளைகள் பாதிப் பாடத்தை வீட்டிலேயே படித்துவிட்டு வருகிறவர்கள். திசைகாட்டியை வைத்து வடக்கு, தெற்கு சொல்லிக் கொடுக்கிறோம். அவர்களுக்கு வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றை வைத்தே திசை தெரியும். எந்தக் காற்றில் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும், எந்த மாதத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம் படகு இறக்க முடியாது என்பது பத்து வயசுப் பிள்ளைக்கும் தெரியும். அதைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். அப்புறம் திசைகாட்டியைக் கையில் கொடுத்து, "கொண்டல் எந்தப் பாகையிலிருந்து வருகிறது, பார்த்துச் சொல்" என்று கேளுங்கள். தெரிந்ததோடு தெரியாதது ஒட்டிக்கொள்ளும். அணிக்குப் பெயர் வைக்கும் பொறுப்பையும் அவர்களிடமே விடுங்கள். புலி, சிங்கம் என்று நான் எழுதி வைத்திருந்தேன். அவர்கள் சீலா, கணவாய், சிற்றாமை, ஆவுளியா என்று வைத்துக்கொண்டார்கள். ஆவுளியா என்பது கடல்புல் மேய்கிற கடல்பசு. அந்தப் பெயரை எடுத்த அணிதான் கடல்புல்லைப் பற்றி முதலில் கேள்வி கேட்கத் தொடங்கியது.

அடுத்தது சேவை. கடற்கரையில் குப்பை பொறுக்குவதை மட்டும் சேவையாக வைத்துக்கொள்ளாதீர்கள். அதுவும் வேண்டும்தான், அறுந்த வலைத்துண்டுகள் கரையிலும் கடலிலும் கிடந்து ஆமையைச் சிக்க வைக்கின்றன, அதை எடுப்பது நல்ல வேலை. ஆனால் வருஷம் முழுக்க அது ஒன்றையே செய்தால் பிள்ளைகளுக்கு ஊர் தெரியாமல் போய்விடும். முதல் மூன்று மாதம் எந்த வேலையும் செய்யாமல் தெரு தெருவாகப் போய்க் கேட்டு எழுதுங்கள். தனியாக இருக்கிற பெரியவர்கள் யார், நடக்க முடியாதவர்கள் யார், எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி, குடிதண்ணீருக்கு யார் எவ்வளவு தூரம் போகிறார்கள், எந்தப் பிள்ளை பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருக்கிறது. ஒரு அணிக்கு ஒரு தெரு. ஒரு நோட்டு. அந்த நோட்டு அணித் தலைவர் கையில் மட்டும் இருக்கட்டும். அடுத்த வீட்டு விஷயத்தை ஊரில் பேசக் கூடாது என்பதும் பயிற்சியில் சேர்த்திதான்.

இந்த நோட்டின் அருமை எனக்கு 2024 நவம்பரில் தெரிந்தது. 20ஆம் தேதி ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதே, அன்று. தண்ணீர் முழங்காலுக்கு ஏறும்போது எங்கள் அணித் தலைவி ஒருத்தி, பதினைந்து வயது, அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு பாட்டி வீட்டுக்குப் போயிருக்கிறாள். கடல்பாசி எடுத்துப் பிழைத்த பாட்டி. இப்போது முழங்கால் முடியாமல் தனியாக இருப்பவர். நோட்டில் அந்தப் பெண் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'பிரஷர் மாத்திரை அரிசிப் பானைக்கு மேல் டப்பாவில். ரேஷன் கார்டு, ஆதார் டிரங்குப் பெட்டியில். பின்கதவு உள்பக்கம் திறக்கும்.' மாத்திரையையும் அட்டைகளையும் பாலிதீன் கவரில் போட்டுக் கட்டி, பாட்டியைக் கைத்தாங்கலாகப் பின்கதவு வழியாக மேட்டுத் தெருவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். முன்கதவு தண்ணீர் அழுத்தத்தில் திறக்கவில்லையாம். பின்கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று எழுத வேண்டும் என நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அது அவளுக்கே தோன்றியிருக்கிறது.

புயல் தயார்நிலையை உங்கள் குழுவின் முதல் பாடமாகவே வைக்கலாம். பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று செய்தி வரும். எத்தனையாம் எண் என்பதைச் சொல்வார்கள், அர்த்தம் பல பேருக்குத் தெரியாது. 1, 2 என்றால் தூரக்கடலில் உருவாகியிருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே காற்று மழை வரும். 5, 6, 7 அபாயம். துறைமுகம் புயலின் பாதைக்கு இடப்பக்கம் இருக்குமா, வலப்பக்கமா, புயல் நேராகத் துறைமுகத்துக்கே வருமா என்பதை அந்த எண் சொல்லும். 8, 9, 10 அதே வரிசையில் பெரும் அபாயம். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. இதை ஒரு அட்டையில் எழுதி டீக்கடையிலும் மீன் இறங்குதளத்திலும் ஒட்டுவது ஒரு அணிக்கு ஒரு வாரத்து வேலை. கூடவே நம்பர்களும்: மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, கடலோரக் காவல் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554, ஆம்புலன்ஸ் 108, குழந்தைகள் உதவிக்கு 1098.

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலைப் பார்த்தவர்கள் நம் ராமேசுவரம் தீவில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எல்லாருக்கும் வயது எழுபதை நெருங்கியோ தாண்டியோ இருக்கும். பாம்பனிலிருந்து போன ரயில் கடலோடு போன கதையைச் செய்தியாக எல்லாருக்கும் தெரியும். ஆனால் அன்று ராத்திரி தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது, எந்த மேட்டில் ஏறி நின்றார்கள், குடிக்கத் தண்ணீருக்கு என்ன செய்தார்கள் என்பது அவர்களுக்கு மட்டும்தான் தெரியும். பிள்ளைகளை அவர்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள். இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு அவசரம் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் இரண்டு மூன்று பேரை அடக்கம் செய்கிறோம்.

முதலுதவியில் பொதுப் பாடத்தோடு நம் கடலுக்கானதையும் சேருங்கள். கெளுத்தி முள்ளோ திருக்கை முள்ளோ குத்தினால், பொறுக்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும், வலி குறையும். அப்புறம் கட்டாயம் மருத்துவமனை. முள் ஆழமாக ஏறி நின்றால் பிடுங்கக் கூடாது. நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. ஒருவர் தண்ணீரில் தத்தளித்தால் குதிக்காதே என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். துடுப்பை நீட்டு, கயிற்றை எறி, மூடிய காலி கேனையாவது எறி, சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடு. நீந்தத் தெரிந்த பையன்கள்தான் காப்பாற்றப் போய் உயிரை விடுகிறார்கள். சாரணர் கழுத்துத் துணியை முக்கோணக் கட்டாகப் போடப் பழக்குங்கள். அது அழகுக்குக் கட்டுவது இல்லை. கை முறிந்தால் தூளி, ரத்தம் வந்தால் கட்டு.

கடலை நம்பி முகாம் போடுவதில் சில விஷயங்களில் கண்டிப்பாக இருக்க வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. "நம்ம தாத்தா காலத்துல போய்ச் சோறாக்கிச் சாப்பிட்ட தீவுதானே" என்று பிள்ளைகளை அழைத்துப் போக முடியாது. வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைப்பதே குற்றம். தனுஷ்கோடி, அரிச்சல்முனைப் பக்கம் முகாம் போனாலும் கடலில் இறங்க விடாதீர்கள், நீரோட்டம் இழுத்துவிடும். சிற்றாமை முட்டையிடும் காலத்தில், தை மாசியிலிருந்து பங்குனி வரை, வனத்துறை ஆட்கள் விடியுமுன் கரையில் நடந்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். வனச்சரகரிடம் எழுதிக் கொடுத்தால் பிள்ளைகளைக் கூட அனுப்பச் சம்மதிப்பார்கள். முட்டையைத் தாங்களாகத் தொடக் கூடாது என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். குஞ்சு கடலுக்குள் இறங்குவதை ஒரு தடவை பார்த்த பையன், அதற்குப் பிறகு அப்பா வலையில் ஆமை மாட்டினால் அறுத்து விடச் சொல்லி அழுகிறான். நானே பார்த்தேன்.

நம் கடற்கரைக்கு மட்டும் உள்ள ஒரு துயரம் இருக்கிறது, அதைத் தொடாமல் இங்கே சமூக சேவை என்று பேச எனக்கு மனம் வரவில்லை. எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துக்கொண்டு போனால், அந்த வீட்டில் அடுத்த பல வாரம் அடுப்பு எரிவதே பாடு. அம்மா மீன்வளத்துறை அலுவலகத்துக்கும் சங்கத்துக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் அலைவாள். பிள்ளை பள்ளிக்குப் போகாது. பையன் பதினாறு வயதாக இருந்தால், சீக்கிரம் காசு வரும் வேலை என்று யாராவது கடத்தல் பக்கம் இழுப்பார்கள். உங்கள் அணி அந்த வீட்டுக்குப் போக வேண்டும். பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். மனு எழுதிக் கொடுங்கள், நகல் எடுத்துக் கொடுங்கள், தங்கச்சியைப் பள்ளிக்குக் கூட்டிப் போங்கள், சாயங்காலம் அந்தப் பையனை உங்கள் கூட்டத்துக்கு இழுத்து வாருங்கள். ஒரு அணி இப்படி ஒரு வீட்டோடு நின்றால் ஊரே அந்தக் குழுவை நம்பும். சீருடைக்கு வராத மரியாதை இதற்கு வரும்.

இனி உங்கள் கேள்விகள். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் வரலாமா என்றால், வர வேண்டும். பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் அடிப்படை விதியே பிறப்பு, இனம், மதம் பார்க்காமல் எல்லாருக்கும் திறந்தது என்பதுதான். உறுதிமொழியில் கடவுளுக்கும் நாட்டுக்கும் கடமை என்று வருகிறது. அது எந்தக் கடவுள் என்று யாரும் கேட்பதில்லை. முகாமில் நடப்பது சர்வ சமய வழிபாடு. இந்த நாட்டில் சாரணர் வரலாறே கதவை அடைத்ததால் வந்த வலியோடு தொடங்கியது. 1909-ல் பெங்களூரில் முதல் குழு வந்தபோது இந்தியப் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. அதனால்தான் 1916-ல் அன்னி பெசன்ட் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கென்று தனிச் சங்கம் தொடங்கினார். பல சங்கங்கள் இணைந்து பாரத சாரணர் இயக்கமாக ஆனது 1950 நவம்பர் 7-ல். இப்படிப்பட்ட இயக்கத்தைக் கோயில் வளாகத்தில் வைத்துக்கொண்டு நாம் ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. தங்கச்சிமடம் சந்தியாகப்பர் திருவிழாவுக்கு எல்லா மதத்தாரும் வருவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஒரே ஒரு எச்சரிக்கை: சாரணர் கூட்ட நேரத்தில் செபமாலை, மறைக்கல்வி வைக்காதீர்கள். நம் பிள்ளைகளுக்கு அதற்கு வேறு நேரம் இருக்கிறது. ஒரு முஸ்லிம் தாய் தன் பிள்ளையை நம்பி அனுப்பியிருக்கிறாள். அந்த நம்பிக்கையில் கீறல் விழக் கூடாது. வெள்ளிக்கிழமை மதியத்திலும் ஞாயிறு பூசை நேரத்திலும் கூட்டம் வேண்டாம். மண்டபம் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமுக்குப் பக்கத்தில் இருந்தால் அங்குள்ள பிள்ளைகளையும் நினைத்துப் பாருங்கள். முகாம் அதிகாரியிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

பெண் பிள்ளைகளைக் கட்டாயம் சேருங்கள். சாரணியர் என்று தனிப் படை, அதற்குப் பெண்தான் பொறுப்பாளர். உங்கள் ஊரில் ஒரு சிஸ்டரோ, ஆசிரியையோ, நர்சிங் படித்த அக்காவோ இல்லாமல் இருக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் பாசி எடுக்கப் போகும் பெண்கள் கடலில் மூச்சடக்கி இறங்குகிறவர்கள். அவர்கள் மகள்களிடம் தைரியம் பற்றிப் பாடம் எடுக்க எனக்கு ஒன்றும் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்குள் கூட்டத்தை முடிப்பது, திரும்பும்போது அணியாகவே வீட்டுக்குப் போவது, இந்த இரண்டையும் உறுதியாகச் சொன்னால் வீட்டில் அனுப்புவார்கள்.

பிள்ளைகள் பாதுகாப்பில் யாருக்காகவும் தளர்த்தக் கூடாத சில பழக்கங்கள்: எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பேர். முகாமுக்குப் பெற்றோர் கையெழுத்து. பெண் பிள்ளைகள் தங்கும் இடத்தில் பெண் பொறுப்பாளர்கள் மட்டும். ஃபாதருக்கும், உபதேசியாருக்கும், எனக்கும், உங்களுக்கும் இது பொருந்தும். ஒரு பிள்ளை ஏதாவது சொன்னால் ஊர் மானம், கோயில் மானம் என்று மூடாமல் 1098-க்குச் சொல்லுங்கள்; காவல் துறைக்குச் சொல்வது, பிள்ளைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி நம் கடமை.

பதிவு ஒன்றும் சிரமம் இல்லை. பள்ளியோடு சேராமல் கோயிலோ மன்றமோ நடத்தும் குழுவைத் திறந்த குழு என்று பதிவு செய்யலாம். பாரத சாரண சாரணியர் மாவட்டச் சங்கத்தைத் தேடிப் போங்கள். ராமநாதபுரத்தில் முதன்மைக் கல்வி அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். வயதை இப்படிப் பிரிப்பார்கள்: பத்து வயது வரை குருளையர், நீலப்பறவையர், பத்திலிருந்து பதினேழு வரை சாரணர், சாரணியர், அடுத்து இருபத்தைந்து வரை திரிசாரணர், திரிசாரணியர். உங்கள் நாற்பது இளைஞர்களில் பலர் திரிசாரணர் வயதில் இருப்பார்கள். அவர்களில் இரண்டு மூன்று பேரையாவது பொறுப்பாளர்களுக்கான அடிப்படைப் பயிற்சி முகாமுக்கு அனுப்புங்கள். இதைத் தள்ளிப் போடாதீர்கள். பிள்ளைகளுக்கு முதலில் பிரவேஷ் என்ற நுழைவு நிலை, அதை முடிக்க ஏறக்குறைய மூன்று மாதம். பிறகு சோபான் என்ற மூன்று படிகள், ராஜ்ய புரஸ்கார் என்ற மாநில விருது, ராஷ்டிரபதி என்ற குடியரசுத் தலைவர் விருது. விருதுகளைச் சொல்லி ஆசை காட்டலாம், தப்பில்லை. பள்ளியை விட்ட பையனுக்கு அரசாங்க முத்திரையோடு ஒரு சான்றிதழ் வருவது சின்ன விஷயம் இல்லை.

செலவு நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. முதல் ஆறு மாதத்துக்கு ஒரு அணிக்குக் கழுத்துத் துணி, ஒரு முதலுதவிப் பெட்டி, ஒரு நோட்டு, ஒரு டார்ச் போதும். பிரவேஷ் முடித்த பிறகு சீருடை. அதையும் ஒருவரே மொத்தமாகத் தைத்துக் கொடுக்க வேண்டாம். கொஞ்சம் பிள்ளை சேர்த்தது, கொஞ்சம் வீடு, மீதி சபை. சொந்தக் காசு கொஞ்சம் போனால்தான் அதைப் பாதுகாப்பார்கள். கட்சிக்காரர்கள் கொடி போட்டுக் கொடுப்பதை வாங்காதீர்கள். இயக்கம் அரசியல் சாராதது.

ஃபாதர் சரி என்கிறார், மிக நல்லது. ஆனால் அவருக்கு இன்னும் எத்தனை வருஷம் அந்தப் பங்கு என்று யோசித்தீர்களா? ஐந்தாறு வருஷத்தில் மாற்றல் வரும். அடுத்தவர் பாடற்குழுவில் ஆர்வமுள்ளவராக இருப்பார், அதற்கடுத்தவர் கட்டடம் கட்டுவார். நான் பார்த்த குழுக்களில் பாதிக்கு மேல் ஒரு பங்குத்தந்தையின் மாற்றலோடு மூடின. அவர்கள் மேல் குறை இல்லை. குழுவை ஒரு ஆள் தோளில் ஏற்றி வைத்தது நம் தவறு. தொடக்கத்திலேயே ஐந்து பேர் கொண்ட குழு அமையுங்கள்: பங்குப் பேரவையில் ஒருவர், பெற்றோரில் இரண்டு பேர், அதில் ஒருவராவது வேற்று மதத்தவர், ஒரு ஆசிரியை, ஒரு படகுக்காரர். பதிவுப் புத்தகம், வங்கிக் கணக்கு எல்லாம் இவர்கள் பெயரில். ஃபாதர் ஆசீர்வதிக்கட்டும், இடம் கொடுக்கட்டும், முகாமுக்கு வந்து பிள்ளைகளோடு சோறு சாப்பிடட்டும். புது ஃபாதர் வரும்போது அணித் தலைவர்கள் நோட்டோடு போய்த் தாங்களே விளக்கிச் சொல்லட்டும். கண்டிப்பாகக் கேட்பார்.

எப்போது தொடங்கலாம்? ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகிற அப்பாக்கள் கரையில் இருப்பார்கள். பள்ளிக்கும் பெரிய விடுமுறை. வெளியூர் வேலைக்கு, கேரளக் கரைக்குப் போகிறவர்கள் போக, மீதிப் பேர் படகு பழுது பார்த்துக்கொண்டும் வலை பின்னிக்கொண்டும் கரையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள்தான் உங்கள் பயிற்சியாளர்கள். ஒருவரை நட்சத்திரம் பார்த்துத் திசை சொல்லச் சொல்லுங்கள், இன்னொருவரைக் கயிறு இணைக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் முன்னால் தன் அப்பா ஆசிரியராக நிற்பதைப் பார்க்கும் ஒரு பையனின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

கயிறு மட்டும் கடையில் வாங்காதீர்கள். படகுக்கு உதவாது என்று கழித்துப் போட்ட கயிறு எந்த வீட்டு முற்றத்திலும் கிடக்கும். ஆளுக்கு இரண்டு பாகம் (இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்) நீளத்துக்கு வெட்டி, முனை பிரியாமல் நெருப்பில் வாட்டி எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சனிக்கிழமை எட்டுப் பிள்ளைகள் வந்தால் போதும்.